நடுரோட்டில் நட்ட கிளை

1

எங்கள் தெருமுனையில், பேருந்து நிறுத்தத்துக்குச் சற்று முன்னால், ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. இங்கிலாந்தில் பள்ளமா என்று ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் நினைக்கலாம். உண்டு. குளிர்காலத்தில் தார் வெடிப்புகளுக்குள் இறங்கும் தண்ணீர் உறைந்து பருத்து, சாலையை உள்ளிருந்தே பெயர்த்துவிடுகிறது. போன குளிரில் விரிசலாகத் தொடங்கியது, இந்த அக்டோபர் மழைக்கு அன்னக்கூடை அளவுக்கு வந்துவிட்டது.

நகராட்சியின் இணையப் பக்கத்தில் புகார் கொடுத்தேன். மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் வந்தார். பெயின்ட் டப்பாவைக் குலுக்கி, பள்ளத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம் போட்டார். போய்விட்டார். வட்டம் போட்டால், பார்த்துவிட்டோம் என்று பொருள். மூடுவது வேறு பிரிவின் வேலை. பிறகு ஒரு நாள் பணிவான பதில் வந்தது. எங்கள் தெரு நகராட்சியைச் சேர்ந்ததாம். தெரு போய்ச் சேரும் பெரிய சாலை மாவட்ட மன்றத்தைச் சேர்ந்ததாம். பள்ளம் இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருப்பதால், யாருடைய நிதியிலிருந்து மூடுவது என்பது பரிசீலனையில் இருக்கிறதாம். சிரமத்துக்கு வருந்துகிறார்களாம்.

என் கணவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஊர மறக்கலாம்னு பாத்தா, இவனுங்களே கொண்டாந்து வாசல்ல வைக்கிறானுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தம்பியின் கால் ஒடிந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம். இந்த ஒரு வருடமும் என் மகன் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபத்தால் இல்லை. கோபமாக இருந்தால் எனக்கு இவ்வளவு கவலை இருந்திருக்காது.

2

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் சாலை ஒரு வாய்க்காலின் கரைமேல் போகிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அது கப்பி ரோடு. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். பிறகு தார் போட்டார்கள். அதற்குப் பிறகு, தொண்ணூறுகளில், ஆட்கள் வெளியே போகத் தொடங்கினார்கள். சிங்கப்பூர், துபாய், குவைத். நாங்கள் கொஞ்சம் தாமதமாக இங்கே. அனுப்பிய பணத்தில் ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. வீட்டுக்கு ஒரு வண்டி வந்தது, பின்னால் ஆளுக்கு ஒரு வண்டி. மணல் லாரி வந்தது, அறுவடை மெஷின் வந்தது, இங்கிலீஷ் பள்ளிக்கூட வேன் வந்தது. எல்லாம் அதே கரைமேல், அதே அகலத்தில், அதே மெல்லிய தார்மேல். வண்டி வாங்க ஒவ்வொரு வீட்டிலும் ஆள் இருந்தது. சாலை போட எந்த வீட்டிலும் ஆள் இல்லை. அது அரசாங்கத்தின் வேலை என்று நம்பினோம். நான் இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன்.

பள்ளம் பெரிதானால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பூவரசோ ஒதியமரமோ, கைக்கு எட்டுகிற கிளையை ஒடித்துப் பள்ளத்தின் நடுவில் நட்டுவிடுவார்கள். மழைத் தண்ணீர் நிரம்பிவிட்டால் ஆழம் தெரியாது, கிளை தெரியும். வருகிற வண்டி ஒதுங்கிப் போகும். யார் நட்டது என்று யாரும் கேட்பதில்லை. இலை காய்ந்துவிட்டால் அந்த வழியாகப் போகிற இன்னொருவர் பச்சைக் கிளையாக மாற்றிவைப்பார். இதற்கு மனு, புகார் எண் எதுவும் கிடையாது.

இந்த வழக்கத்தை என் மகனுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது.

3

போன அக்டோபரில் தம்பி மகளின் புதுநன்மைக்காக, கோயிலில் அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழாவுக்காக, ஊருக்குப் போனோம். தம்பியின் பெயர் அமல். நான் படித்துவிட்டு வெளியே வந்தேன், அவன் படித்துவிட்டு வயலுக்குத் திரும்பினான். என் மகன் ஜெரோமுக்கு அப்போது பதினேழு வயது. ஊர் என்றால் அவனுக்கு மாமாதான். வெயில், கொசு, சொந்தக்காரர்களின் கேள்விகள் எல்லாவற்றையும் மாமாவுக்காகப் பொறுத்துக்கொள்வான்.

"மாப்ள, நீ பேசற தமிழக் கேக்க டிக்கெட் போடலாம்டா" என்பான் அமல்.

"போடுங்க மாமா. வர்றதுல பாதி எனக்கு."

விழாவுக்கு முந்தின நாள் விடியும்வரை காற்றும் மழையும். வெளிச்சம் வந்ததும் ஜெரோம் கரைச் சாலையில் ஓடப் போனான். வழியெங்கும் கிளைகள் முறிந்து கிடந்திருக்கின்றன. சாலையில் யாருக்காவது இடைஞ்சலாக எது கிடந்தாலும் எடுத்து ஓரத்தில் போட வேண்டும் என்று வளர்ந்த பிள்ளை. ஒவ்வொன்றாக இழுத்து வாய்க்கால் சரிவில் போட்டுக்கொண்டே போயிருக்கிறான். மதகுக்குப் பக்கத்தில், தேங்கிய தண்ணீருக்குள் நின்றிருந்த பூவரசங்கிளையும் அவன் கண்ணுக்குக் காற்றில் விழுந்த கிளைதான். அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்து, பசிக்கிறது என்று இட்லி சாப்பிட்டான்.

அமல் அதற்கு முன்னாலேயே விழா வேலையாக வெளியே கிளம்பிப் போயிருந்தான். சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில், திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கேக் பெட்டியை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு திரும்பினான். மதகுப் பள்ளம் அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் கரையில் யாரும் பள்ளத்தைப் பார்த்து வண்டி ஓட்டுவதில்லை, கிளையைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். கிளை கண்ணில் படாததால் மதகு இன்னும் வரவில்லை என்று நினைத்திருக்கிறான்.

வண்டி அவன் வலது காலின்மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் போய்விட்டன. கேக் பெட்டி மட்டும் சரிவில் நசுங்காமல் உட்கார்ந்திருந்தது என்று தூக்கிவந்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் அந்தப் பெண், அப்பா இல்லாமல்தான் முதல் நன்மை வாங்கினாள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராந்தாவில், அவனைத் தூக்கிவந்த பக்கத்து வீட்டு பாஸ்கர், ஈரச் சட்டையோடு நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "மதகுகிட்ட நான்தாங்க நல்ல கிளையா பாத்து வச்சிருந்தேன். எந்தப் பய புடுங்குனான்னு தெரியல. கையில கெடச்சான்னா..."

ஜெரோமின் தமிழில் ஓட்டைகள் உண்டு. இது புரிந்துவிட்டது. முகம் வெளுத்து என்னைப் பார்த்தான். பிறகு நேராக உள்ளே போய், கட்டிலின் பக்கத்தில் நின்றான்.

"மாமா, நான்தான் எடுத்தேன். அந்த பிரான்ச். குப்பைன்னு நெனச்சேன்."

அமலுக்கு வலி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"பாரு அக்கா. கிளைய எடுக்க லண்டன்லேருந்து ஆள் வந்துருச்சு. பள்ளத்த மூட பக்கத்து ஆபீஸ்லேருந்து ஆள் வரல."

வார்டில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். ஜெரோம் சிரிக்கவில்லை. அவன் வளர்ந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டால் அதற்கு ஒரு பதில் வரும். பரவாயில்லை என்றோ, நீ செய்தது தப்பு என்றோ. வேடிக்கைப் பேச்சை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

4

இங்கே திரும்புவதற்கு முன் அந்தப் பள்ளத்தை மூடவைத்துவிட வேண்டும் என்றான். என்னையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினான்.

முதலில் ஒன்றிய அலுவலகம். அங்கிருந்தவர் மரியாதையாக உட்காரச் சொன்னார். "ரோடு நாங்க போட்டதுதாம்மா. இல்லைன்னு சொல்லல. ஆனா பள்ளம் எங்களுது இல்ல. குடிநீர் பைப்புக்குத் தோண்டுனாங்க பாருங்க, தோண்டுனவங்கதான் மூடணும்."

குடிநீர்க்காரர்கள், மூடுவதற்கான தொகையை ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒப்பந்ததாரர் எங்கே என்று கேட்டதற்கு, அவர் வேலை முடித்துப் போய்விட்டார் என்றார்கள். பொதுப்பணித்துறைப் பிரிவு அலுவலகத்தில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே விளக்கினார். "கரை எங்களுது. தண்ணி எங்களுது. மதகு எங்களுது. கரைக்கு மேல தார் இருக்கு பாருங்க, அது மட்டும் எங்களுது இல்ல."

கடைசியில் நெடுஞ்சாலைத்துறை. அங்கேதான் முழுக் கதையும் தெரிந்தது. அந்தச் சாலையில் போக்குவரத்து கூடிவிட்டதால் அதை நெடுஞ்சாலைத்துறை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒன்றியம் எழுதியிருக்கிறது. கொடுத்துவிடப்போகிற சாலைக்கு ஒன்றியம் இனி நிதி ஒதுக்காது. இன்னும் கைக்கு வராத சாலைக்கு நெடுஞ்சாலைத்துறை நிதி ஒதுக்க முடியாது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் என் தம்பி விழுந்திருக்கிறான்.

ஜெரோம் அந்த அதிகாரியிடம் கேட்டான். "அப்போ இன்னைக்கு அந்த ரோடு யாரோடது? நீ சொல்லு."

எனக்கு உடம்பு கூசியது. வீட்டில் என்னோடு மட்டுமே தமிழ் பேசி வளர்ந்தவன், அவசரத்தில் யாரையும் சில நேரம் 'நீ' என்றுவிடுவான். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அதிகாரி கையை அசைத்துவிட்டார். "விடுங்கம்மா, வெளிநாட்டுப் புள்ள. உரிமையா கேக்குறாரு." அவனைப் பார்த்து, "ப்ராசஸ்ல இருக்கு தம்பி. கோப்பு மேல போயிருக்கு" என்றார். கெட்ட மனிதர் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். அவருடைய அலுவலக வாசலிலேயே ஒரு பள்ளம் இருந்தது.

பஸ்ஸில் வரும்போது ஜெரோம் ஜன்னலைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் சொன்னான். இத்தனை பேரைப் பார்த்தோம், நான்தான் பொறுப்பு என்று சொன்ன ஒரே ஆள் நான்தான் அம்மா.

அவன் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டு விடை வந்ததுபோலச் சொன்னான். அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

5

திரும்பி வந்த பிறகு அவன் படிப்பை முடித்தான். பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது. ஒரு வருடம் தள்ளிப்போட்டுவிட்டு ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வரும் நேரத்துக்கு அமல் போன் செய்வான். போன் அடித்ததும் ஜெரோம் குளிக்கப் போய்விடுவான். "மாப்ள எங்க?" "குளிக்கிறான்." "இந்த ஒரு வருசத்துல லண்டன் தண்ணிய பூரா காலி பண்ணிருப்பான் போல" என்பான் தம்பி. குரலில் சிரிப்பு இருக்கும். கேட்காமல் மட்டும் இருக்க மாட்டான்.

ஊர்ச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. நாங்கள் கிளம்பிய கொஞ்ச நாளில் ஊர்க்காரர்கள் சாலையில் நாற்று நடும் போராட்டம் நடத்தினார்கள். சம்பா நடவில் மிஞ்சிய நாற்றைக் கொண்டுவந்து, மதகுப் பள்ளத்தில் தொடங்கி வரிசை பிடித்து நட்டிருக்கிறார்கள். படத்தைத் தம்பி மனைவி ரோஸ்லின் அனுப்பினாள். நல்ல நடவு, கயிறு பிடித்ததுபோல. கட்டிலில் கிடந்த அமல் சொன்னானாம். "நம்ம வயல்ல நட ஆளு கெடைக்கல. ரோட்ல நட இத்தன பேரு." தாசில்தார் வந்து பேச்சுவார்த்தை நடத்தினார். டிப்பரில் கிராவல் கொண்டுவந்து கொட்டினார்கள். அடுத்த மழையில் கிராவல் வாய்க்காலுக்குப் போனது, பள்ளம் அங்கேயே இருந்தது.

கோடையில் யாரோ பெரியவர் வருகிறார் என்று இரவோடு இரவாகப் பெரிய ரோட்டிலிருந்து தார் போட்டுக்கொண்டே வந்தார்கள். மதகுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். பெரியவரின் கார் அதுவரைதான் வந்தது.

"அண்ணி, நீங்க வெளிநாட்டுல இருக்கறவங்கள்லாம் சேந்து அந்த எடத்த மட்டும் போட்டுக் குடுத்துடலாம்ல?" என்று ரோஸ்லின் ஒரு நாள் கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. கோயில் கோபுரத்துக்குக் கொடுத்தோம், பள்ளிக்கூடக் கழிப்பறைக்குக் கொடுத்தோம். ஆனால் சாலைக்குக் கொடுப்பதற்குக் கை வரவில்லை. ஒரு பள்ளத்தை நாங்கள் மூடினால், அடுத்த பள்ளத்துக்கும் எங்களைத்தான் பார்ப்பார்கள். அரசாங்கம் பார்க்க வேண்டிய வேலையிலிருந்து அரசாங்கத்தை நாங்களே விடுவித்துவிட்டதுபோல் ஆகும். இதை அவளிடம் சொன்னேன். "நீங்க சொல்றது நியாயந்தான் அண்ணி" என்றாள். பிறகு, "இந்த வருசம் வயல குத்தகைக்கு விட்டுட்டோம். அவங்களால சேத்துல கால் வைக்க முடியல" என்றாள். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் போனைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன்.

அந்தச் செய்தியை ஜெரோமிடம் மறைத்தேன். எப்படியோ தெரிந்துகொண்டான். இங்கிருந்தபடியே அரசாங்க இணையதளத்தில் மனுமேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டு, முடித்துவைக்கப்பட்டது. அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. என்னிடம் காட்டி, "முடிச்சிட்டாங்களாம்மா?" என்று கேட்பான். முடித்தது மனுவைத்தான் என்று எப்படிச் சொல்வது?

அமல் கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கியதும் முதல் வேலையாக மதகுக்குப் போய், தன் கையாலேயே ஒரு ஒதியங்கிளையை நட்டுவிட்டு வந்தான். ஒதியமரம் எங்கே வைத்தாலும் வேர் பிடிக்கும். அது துளிர்விட்டுவிட்டது. "இன்னும் ரெண்டு வருசம் போனா அது நெழல்லயே நின்னு பஸ் ஏறலாம் அக்கா" என்றான். "மாப்ளகிட்ட சொல்லு. இதப் புடுங்கணும்னா பொக்லைன்தான் கொண்டாரணும்."

நான் சொல்லவில்லை. வேடிக்கைக்குச் சொன்னதும் அவனுக்குள் வேறு மாதிரி போய் இறங்குமோ என்று பயந்தேன்.

6

இந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. தெருமுனைப் பள்ளம் நிரம்பிவிட்டது. வெள்ளை வட்டமும் தண்ணீருக்குள் போய்விட்டது. முந்தின நாள்தான் சைக்கிளில் வந்த ஒரு பள்ளிச் சிறுமி அதில் தடுமாறி, விழாமல் தப்பித்தாள்.

நான் சமையலறையில் சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்கதவு திறந்த சத்தம். ஜெரோம் தோட்டத்துக் கத்திரியை எடுத்துக்கொண்டு வேலிச் செடியின் பக்கம் போனான். இலை அடர்ந்த ஒரு கிளையை வெட்டினான். முன்வாசல் வழியாகத் தெருவுக்குப் போனான். என்ன செய்யப்போகிறான் என்று புரிந்ததும் எனக்கு முதலில் வந்தது பயம்தான். இந்த நாட்டில் சாலையில் எதையாவது வைத்தால் குற்றமா, போலீஸ் வருமா, வேலைக்குப் பிரச்சினையாகுமா? புலம்பெயர்ந்தவளுக்கு எல்லாமே முதலில் பயமாகத்தான் வருகிறது. கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை.

பள்ளத்தின் நடுவில் கிளையை ஊன்றி, இரண்டு செங்கல் துண்டுகளை அடியில் முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே வந்தான். ஷூவைக் கழற்றினான். சமையலறைக்கு வந்து, தெருவைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு டெரிக் நாயோடு வெளியே வந்தார். ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர், தங்கமான மனிதர். யார் வீட்டுக் குப்பைத் தொட்டி காற்றில் சாய்ந்தாலும் நிமிர்த்திவைத்துவிட்டுத்தான் போவார். கிளையைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். நாயின் கயிற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டு குனிந்தார்.

"எடுக்காதீங்க!"

என் பக்கத்தில் இருந்து எழுந்த சத்தம் அது. ஜெரோம் கதவைத் திறந்து, வெறும் சாக்ஸோடு மழைக்குள் ஓடிக்கொண்டிருந்தான். "எடுக்காதீங்க! அய்யோ, எடுக்காதீங்க!"

இந்தத் தெருவில் அவன் தமிழில் கத்தி நான் கேட்டதில்லை. டெரிக்குக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. ஆனாலும் கையை இழுத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றுவிட்டார். ஜெரோம் அவர் எதிரில் மூச்சு வாங்கியபடி, இப்போது ஆங்கிலத்தில், கையைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னான். நீண்ட நேரம் சொன்னான். பள்ளத்தைப் பற்றி மட்டும் இருந்தால் அவ்வளவு நேரம் ஆகியிருக்காது. டெரிக் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில் தன் கழுத்திலிருந்த சிவப்புத் துண்டைக் கழற்றி, கிளையின் உச்சியில் கட்டினார். அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நாயோடு போனார்.

உள்ளே வந்தவனின் சாக்ஸிலிருந்து தரையெல்லாம் தண்ணீர். துடைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"அங்க இப்ப என்ன டைம்மா?"

"சாயங்காலம்."

"மாமா முழிச்சிருப்பாரா?"

சாயங்காலம் யாராவது தூங்குவார்களா என்று நான் கேட்கவில்லை. எண்ணைப் போட்டு போனை அவன் கையில் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மாமா, நான் ஜெரோம்."

அந்தப் பக்கம் என்ன சத்தமோ, என் காதுவரை கேட்டது. "அடேய் மாப்ள! குளிச்சு முடிச்சிட்டியாடா?"

இவன் சிரித்தான். அடைத்த மூக்கோடு சிரிக்கிற சிரிப்பு. பள்ளத்தைச் சொன்னான், கிளையைச் சொன்னான், டெரிக்கின் சிவப்புத் துண்டைச் சொன்னான். நகராட்சி இதுவரை என்ன செய்தது என்று அமல் கேட்டிருக்க வேண்டும். "சுத்தி ஒரு சர்க்கிள் போட்டாங்க மாமா. வொயிட் பெயின்ட்ல."

"வட்டம் போட்டுட்டாங்களா! அதுவரைக்கும் வந்துட்டாங்களா! பெரிய நாடுதான்டா அது." அந்தச் சத்தமும் என் காதுவரை வந்தது.

சாம்பார் கொதித்துத் தளும்பியது. தீயைக் குறைத்தேன்.

"கால் எப்படி இருக்கு மாமா?"

ஒரு வருடமாக எல்லாவற்றுக்கும் ஒரு வேடிக்கைப் பதிலைக் கைவசம் வைத்திருந்த என் தம்பி, இதற்கு உடனே பதில் சொல்லவில்லை. ஜெரோம் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். அந்தப் பக்கம் எங்கோ ஒரு வண்டி போகிற சத்தம், கோழி ஒன்றின் சத்தம்.

"வலிக்குதுடா" என்றான் அமல். "மழ நேரத்துல ரொம்ப வலிக்குது."

"இங்கயும் மழதான் மாமா" என்றான் ஜெரோம். நாற்காலியை இழுத்துப் போட்டு, போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "நீங்க சொல்லுங்க."